கண்ணாடித் தோல், கழுநீர், நத்தைப் பசை: கொரியச் சருமப் பராமரிப்பு கேள்வி – பதில்

கொரிய அழகுசாதனங்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்றோம். கட்டுக்கட்டாக வந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: கொரியாவில் பத்துப் பொருள்களை வரிசையாகப் பூசிக்கொள்கிறார்களாமே. எனக்குக் காலையில் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. எதையெல்லாம் விடலாம்?

ப: பாதிக்கு மேல் விடலாம். பட்டியலைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எண்ணெய் கிளென்சர், நுரைக்கும் கிளென்சர், எக்ஸ்ஃபோலியேட்டர் (இறந்த தோலை நீக்குவது), டோனர் (முகம் கழுவியதும் பூசும் நீர்த்த திரவம்), எசென்ஸ், சீரம் அல்லது ஆம்ப்யூல், ஷீட் மாஸ்க் (முகத்தில் விரிக்கும் ஈரத் தாள்), கண் கிரீம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். எண்ணினால் பத்து. ஆனால் இது ஒரு வேளைக் கணக்கே இல்லை. எண்ணெய் கிளென்சர் இரவுக்கு மட்டும், சன்ஸ்கிரீன் பகலுக்கு மட்டும், எக்ஸ்ஃபோலியேட்டரும் மாஸ்க்கும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. எசென்ஸ், சீரம், ஆம்ப்யூல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். ஒன்று நீர்க்க இருக்கும், இன்னொன்று கெட்டியாக இருக்கும். எந்தப் பெயருக்கு எவ்வளவு செறிவு என்று சட்டத்தில் ஒரு கணக்கும் கிடையாது. கண் கிரீம் பெரும்பாலும் சின்ன டப்பாவில் அடைத்து அதிக விலைக்கு விற்கும் மாய்ஸ்சரைசர்.

"பத்துப் படி" என்ற பேச்சு கொரியாவைவிட வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம்தான் பெரிதாக ஓடியது. அங்கே பல வீடுகளில் நெடுநாளாக இருப்பது ஸ்கின், லோஷன், கிரீம் என்ற மூன்று பாட்டில் செட். டோனருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் "ஸ்கின்", பால் போன்ற மாய்ஸ்சரைசர் "லோஷன்". பொருள்களைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் அங்கே பெயர் உண்டு: "ஸ்கின் டயட்".

உங்களுக்குக் காலையில் மூன்று போதும். முகம் கழுவுதல், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். எண்ணெய்ப்பசைச் சருமம் என்றால் நடுவில் உள்ளதையும் விட்டுவிடலாம், சன்ஸ்கிரீனே ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும். இரவில் இரண்டு கிளென்சர், உங்கள் பிரச்சினைக்கு ஒரே ஒரு சீரம், மேலே மாய்ஸ்சரைசர். நீர்த்தது முதலில், கெட்டியானது பிறகு. புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒன்றைச் சேர்த்து இரண்டு வாரம் கழித்து அடுத்தது. ஒரே நாளில் ஐந்து புதுப் பொருள் தொடங்கி ஆறாம் நாள் முகம் சிவந்தால், எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது.

கே: எண்ணெய் கிளென்சர் போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. தாடை ஓரத்திலும் முடி தொடங்கும் இடத்திலும் பொடிப்பொடியாகக் கொப்புளம். பொருள் சேரவில்லையா?

ப: கொப்புளம் வந்த இடத்தைச் சொல்லிவிட்டீர்கள், அது உதவியாக இருக்கிறது. தாடை ஓரமும் முடி வரம்பும் கழுவும்போது தண்ணீர் சரியாகப் போகாத இடங்கள். எண்ணெய் அங்கேதான் தங்கும். பொருளைக் குறை சொல்வதற்கு முன் செய்முறையைப் பாருங்கள்.

கையும் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். இரண்டு பம்ப் எடுத்து ஒரு நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். மூக்கின் ஓரம், புருவம், தாடைக்குக் கீழே எல்லாம். அடுத்து வருவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விரல் நுனிகளை லேசாக நனைத்து மறுபடி தேய்த்தால், கண்ணாடி மாதிரி இருந்த எண்ணெய் பால் போல வெளுக்கும். கிளென்சரில் சேர்த்திருக்கும் பால்மமாக்கி, எண்ணெயையும் தண்ணீரையும் பிணைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னும் இரண்டு முறை நனைத்து, இருபது விநாடி தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். இந்தப் பால் கட்டம் இல்லாமல் நேரே தண்ணீரை ஊற்றினால், கரைந்த சன்ஸ்கிரீனும் மேக்கப்பும் எண்ணெயோடு சேர்ந்து முகத்திலேயே படலமாக நிற்கும். ஈரக் கையால் தொடங்கினாலும் தவறு. எண்ணெய் உடனே பாலாகிவிடும், எதையும் கரைக்காது. சமையல் எண்ணெயைப் பதிலுக்குப் பயன்படுத்தலாமா என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். அதில் பால்மமாக்கி இல்லை, தண்ணீரில் போகாது.

பிறகு நுரைக்கும் கிளென்சர். சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் நுரைத்து, அரை நிமிடம் போதும். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் என்ற அமில-கார அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி 9, 10-க்குப் போய்விடும். அதனால்தான் கொரியப் பாட்டில்களில் "குறைந்த பிஎச்" என்று பெரிதாகப் போடுகிறார்கள். கழுவிய பின் முகம் இழுத்துப் பிடித்தால் அது சுத்தத்தின் அறிகுறி இல்லை, கிளென்சர் உங்களுக்குக் கடுமை என்று பொருள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் கொப்புளங்கள் ஒரே அளவில், அரிப்போடு, நெற்றியில் பரவினால் பரு என்று நினைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான மலசேசியா ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகினாலும் அப்படித்தான் இருக்கும். அதற்கு எண்ணெய்தான் தீனி. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் அதைக் கூட்டும், பூஞ்சை மருந்துதான் கேட்கும்.

கே: "ஏழு ஸ்கின்" முறை என்றால் என்ன?

ப: டோனரை ஏழு முறை பூசுவது. முன்னே சொன்ன "ஸ்கின்"தான் இது, ஏழு அடுக்குத் தோல் என்று பயப்பட வேண்டாம். வறண்ட சருமத்துக்கு மூன்று முறையே தாராளம். ஒவ்வொரு முறையும் கையால் தட்டி, முக்கால்வாசி உறிஞ்சியதும் அடுத்தது. பஞ்சில் ஊற்றினால் பாதி பஞ்சுக்குப் போய்விடும். ஆல்கஹால், வாசனை, தோலை உரிக்கும் அமிலம் கலந்த டோனரை இப்படி அடுக்கவே கூடாது. ஏழு மடங்கு ஈரத்துக்குப் பதில் ஏழு மடங்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

கே: கொரிய சன்ஸ்கிரீன் இலேசாக இருக்கிறது என்று எல்லாரும் புகழ்கிறார்கள். நான் வாங்கியது மாநிறமான என் முகத்தில் சாம்பல் பூசியது போல் இருக்கிறது. எங்கே தப்பு?

ப: மூன்று கொரியச் சொற்கள் தெரிந்தால் இந்தத் தப்பு மறுபடி நடக்காது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கரிம வகையை "யூகிஜாச்சா" என்பார்கள். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கொண்ட தாது வகை "மூகிஜாச்சா". இரண்டும் கலந்தது "ஹோன்ஹாப்ஜாச்சா". நீங்கள் வாங்கியது மூகிஜாச்சாவாக இருக்கும். இல்லையென்றால் "டோன் அப்" என்று எழுதியிருக்கும். டோன் அப் என்றால் முகத்தை வெளுப்பாகக் காட்ட வேண்டுமென்றே வெள்ளை நிறமியைச் சேர்த்தது. வெளிர் நிறத்தில் அது பளபளப்பாகத் தெரியும், மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பலாகத்தான் தெரியும். பொருட்பட்டியலில் அந்த இரண்டு தாதுக்களும் இல்லாத யூகிஜாச்சாவைத் தேடுங்கள்.

அளவுதான் அடுத்த பிரச்சினை. பெட்டியில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். முகத்தின் பரப்பு ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம், அதாவது கால் டீஸ்பூன். கழுத்துக்குத் தனி. இந்தக் கணக்கில் தினம் ஒருமுறை முகத்துக்கு மட்டும் பூசினாலே 50 மில்லி டியூப் ஆறு வாரத்தில் தீர வேண்டும். ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது பாவனைக்குத்தான்.

எஸ்பிஎஃப் என்பது தோலைச் சுட்டெரிக்கும் யூவிபி கதிருக்கான கணக்கு. கறுக்க வைக்கும் யூவிஏ கதிருக்குப் பிஏ குறியீடு. கொரியாவில் எஸ்பிஎஃப் 50-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் "50+" என்றுதான் போட முடியும். பிஏவுக்குப் பின்னால் நான்கு பிளஸ் இருந்தால் யூவிஏ பாதுகாப்பு 16 மடங்கோ அதற்கு மேலோ. மங்கு உள்ளவர்கள் இந்த நான்கு பிளஸைப் பார்த்தே வாங்குங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மேக்கப்புக்கு மேல் ஸ்டிக் வடிவ சன்ஸ்கிரீன் போடுவதானால் ஒரே இடத்தில் நான்கு தடவை இழுத்தால்தான் அளவு சேரும்.

பெட்டியில் போட்ட எஸ்பிஎஃப் எண்ணை அப்படியே நம்பலாமா என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில், 50+ என்று போட்டு உலகமெங்கும் விற்ற ஒரு பெயர்பெற்ற கொரிய சன்ஸ்கிரீனை ஐரோப்பிய ஆய்வகத்தில் சோதித்தபோது 19 அளவில்தான் வந்தது. பல பிராண்டுகளுக்கு ஒரே தொழிற்சாலை தயாரித்துக் கொடுப்பதால் சந்தேகம் மற்றவற்றின் மேலும் விழுந்தது, சில பிராண்டுகள் விற்பனையை நிறுத்தின. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் சோதனை அறிக்கைகளை வெளிப்படையாகப் போட ஆரம்பித்தன. அறிக்கை போடுகிற பிராண்டை எடுங்கள்.

கே: குஷன் காம்பேக்ட்டிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே, அது போதாதா?

ப: போதாது. அதைக் கால் டீஸ்பூன் அளவுக்கு ஒற்றினால் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். குஷன் என்பது திரவ ஃபவுண்டேஷனைப் பஞ்சில் ஊறவைத்த டப்பா; 2008-ல் அமோர்பசிபிக் நிறுவனத்தின் ஐயோபே பிராண்டில் வந்த கொரியக் கண்டுபிடிப்பு. வண்டி நிறுத்துமிடத்தில் ரசீதில் குத்தும் மை முத்திரையைப் பார்த்துப் பிறந்த யோசனை. மை சிந்தாமல், ஒரே சீராக, மெல்லிசாகப் பதிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். மெல்லிசாகப் பதிவது சன்ஸ்கிரீனுக்கு உதவாத குணம்.

நிறமும் தொல்லை. கொரியக் குஷன்கள் நெடுங்காலம் 21, 23 என்ற இரண்டு எண்களைச் சுற்றியே வந்தன, இரண்டுமே வெளிர். டிர்டிர் பிராண்டு 2024-ல் தன் குஷனை 30 நிறங்களுக்குக் கொண்டுபோன பிறகுதான் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வழி பிறந்தது. எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அடித்தொனி மஞ்சளா சிவப்பா என்றும் பாருங்கள்.

கே: கொரிய "வொயிட்டனிங்" சீரம் போட்டால் நிறம் மாறுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

ப: பிறந்த நிறம் மாறாது. வெயிலால் கறுத்தது, பருத்தழும்பு, கரும்புள்ளி ஆகியவை மெல்ல மங்கலாம். அவ்வளவுதான்.

"மிபேக்" என்ற கொரியச் சொல்லைத்தான் வொயிட்டனிங் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அங்கே இது ஒரு சட்டப் பிரிவு. 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அழகுசாதனச் சட்டம், "செயல்திறன் அழகுசாதனம்" என்று ஒரு வகையைத் தனியே பிரித்தது. கரும்புள்ளி குறைப்பு, சுருக்கம் குறைப்பு, வெயில் காப்பு மூன்றும் அதில் அடக்கம். பின்னால் இன்னும் சில சேர்ந்தன. இந்த வகை என்று அட்டையில் போட உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் நடைமுறையைத் தாண்டி வரவேண்டும்.

உங்களுக்குப் பயன்படுவது அமைச்சகத்தின் அளவுப் பட்டியல். கரும்புள்ளிக்கு நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 2 முதல் 5 சதவீதம், ஆர்புட்டின் 2 முதல் 5, அஸ்கார்பில் குளுக்கோசைடு 2, ஆல்ஃபா பிசபோலால் 0.5. சுருக்கத்துக்கு அடினோசின் 0.04 சதவீதம். இந்த அளவில் போட்டால் நிறுவனம் தனியாகப் பலன் ஆய்வு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே மிபேக் முத்திரைக்குக் காரணம் நியாசினமைடு என்றால் அதில் குறைந்தது 2 சதவீதம் இருக்கும் என்று கொள்ளலாம். முத்திரை இல்லாமல் "பிரைட்டனிங்" என்று ஆங்கிலத்தில் மட்டும் அலங்காரமாக எழுதியிருந்தால் அந்த உறுதி இல்லை. அடினோசின் பொருட்பட்டியலின் கடைசியில் கிடக்கிறதே, ஏமாற்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏமாற்று இல்லை, அதற்கு வேண்டிய அளவே அவ்வளவுதான்.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பாதரசம் மூன்றும் கொரிய அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டவை. ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் "கொரிய கிரீம்" என்று பெயரில்லாத டப்பாவை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டோ பாதரசமோதான்.

நியாசினமைடுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று போட்டியாக விற்கிறார்கள். ஐந்துக்கு மேல் பலன் அதே விகிதத்தில் கூடுவதில்லை, சிவப்பும் குறுகுறுப்பும்தான் கூடும். மேலே சன்ஸ்கிரீன் இல்லையென்றால் எந்த சீரமும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

கே: நியாசினமைடையும் வைட்டமின் சியையும் சேர்த்துப் பூசக் கூடாதாமே?

ப: பூசலாம். அது பழைய பயம். தோல் தாங்கவில்லை என்றால் மட்டும் ஒன்றைக் காலைக்கும் மற்றதை இரவுக்கும் மாற்றுங்கள்.

கே: நத்தைப் பசை உண்மையிலேயே வேலை செய்கிறதா? நான் சைவம், மாற்று உண்டா?

ப: ஈரத்தைப் பிடித்து வைக்கும், வறண்ட தோல் மிருதுவாகும். தழும்பை அழிக்கும் என்பதெல்லாம் அதிகம். பாட்டிலில் "96 சதவீதம்" என்று பார்த்து அத்தனையும் பசை என்று எண்ணிவிடாதீர்கள். அது வடிகட்டிய திரவத்தின் பங்கு. அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். ஈரமான முகத்தில் இரண்டு பம்ப் தட்டிவிட்டு உடனே மாய்ஸ்சரைசர் போட்டு மூட வேண்டும். மூடாமல் விட்டால் காய்ந்து, தோல் உரிவது போலத் திரிதிரியாக வரும். சன்ஸ்கிரீன் திரண்டு வருவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவர்கள் காதுக்குப் பின்னால் மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். நத்தைக்கும் தூசிப்பூச்சிக்கும் புரத ஒற்றுமை உண்டு. சைவர்களுக்கு மாற்று பீட்டா குளுக்கான், பாந்தெனால். இரண்டும் கொரிய எசென்ஸ்களில் தாராளமாகக் கிடைக்கும், இழுபடும் பசைத் தன்மையும் ஏறக்குறைய அப்படியே.

கே: "சிக்கா" கிரீம் என்கிறார்கள். அது என்ன செடி?

ப: நம் வல்லாரைதான்! கொரிய மொழியில் பியோங்புல். சென்டெல்லா ஏசியாட்டிகா என்ற தாவரப் பெயரைத்தான் பட்டியலில் பார்ப்பீர்கள். காயத்துக்குப் போடும் மடெகாசோல் களிம்பு கொரிய வீடுகளில் தலைமுறையாக இருப்பது. வல்லாரைச் சாரத்தில் செய்தது. அந்த நம்பிக்கைதான் சிக்கா கிரீமாக மாறியது.

தோலை அமைதிப்படுத்துவது மடெகாசோசைடு, ஏசியாட்டிகோசைடு, மடெகாசிக் அமிலம், ஏசியாட்டிக் அமிலம் என்ற நான்கு சேர்மங்கள். "சாறு 80 சதவீதம்" என்ற வாசகத்தைவிட, பட்டியலில் இந்த நான்கில் ஒன்றாவது பெயர் சொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். சாறு என்பது இலையை ஊறவைத்த தண்ணீராகவும் இருக்கலாம். ரெட்டினால் (சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை) தொடங்கிச் சிவந்த முகத்துக்கும், முகச்சவரம் செய்த கன்னத்துக்கும் நல்லது. வீட்டில் இலையை அரைத்து அப்படியே பூசுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பச்சைச் சாறு சிலருக்கு அரிப்பைத் தரும்.

கே: அரிசி கழுவிய தண்ணீரில் முகம் கழுவினால் கொரியப் பெண்கள் போல ஆகுமா?

ப: அவர்களும் இதை "ஸல்துமுல்" என்று சொல்லி அந்தக் காலத்திலிருந்து பயன்படுத்துகிறார்கள். நம் கழுநீரேதான். முதல் கழுவலில் தூசியும் தவிடும் போகும், அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுவலை எடுங்கள். மாவுச்சத்து தோலில் மெல்லிய படலமாகப் படிந்து கொஞ்ச நேரம் வழவழப்பைத் தரும். முகம் கண்ணாடி போலப் பளபளக்க எல்லாம் செய்யாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். நுரைத்துப் புளித்ததைப் பூசினால் கூடுதல் பலன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஆலையில் குறிப்பிட்ட நுண்ணுயிரை மட்டும் வளர்த்து, வடிகட்டி, கெடாமலிருக்கப் பொருள் சேர்ப்பது வேறு; அடுக்களையில் எது வளர்கிறதோ அதைப் பூசுவது வேறு. உடைந்த பருவின் மேல் பட்டால் சீழ் வைக்கும்.

கே: தினமும் ஷீட் மாஸ்க் போடலாமா? இரவு போட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

ப: தூங்காதீர்கள். பதினைந்து, அதிகம் போனால் இருபது நிமிடம். தாள் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காய்ந்த தாள் காற்றோடு சேர்ந்து முகத்தின் ஈரத்தையும் இழுக்கும். எடுத்ததும் கழுவாமல், மிச்சத்தைத் தட்டிவிட்டு மாய்ஸ்சரைசர் போடுங்கள். பையின் அடியில் தேங்கியதைக் கழுத்துக்கும் முழங்கைக்கும் தடவலாம். நாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம், பிரித்த பையில் கிருமி சேரும்.

"ஒரு நாள் ஒரு பேக்" என்ற வழக்கம் கொரியாவில் பரவலாக ஓடியது உண்மை. வெறும் ஈரப்பதம் தரும் மாஸ்க் என்றால் வறண்ட சருமக்காரர்களுக்குக் கெடுதல் இல்லை. அமிலம், வைட்டமின் சி கலந்ததாக இருந்தால் வாரம் இரண்டு. பரு அதிகம் உள்ளவர்களுக்குத் தினமும் ஊறவைப்பது ஒத்துவராது.

கே: பெட்டியில் உள்ள தேதி போன வருடத்தைக் காட்டுகிறது. காலாவதிச் சரக்கை விற்றுவிட்டார்களா?

ப: அநேகமாக இல்லை. கொரியத் தேதிக்குப் பக்கத்தில் உள்ள சொல்லைப் பாருங்கள். "ஜேஜோ" என்றால் தயாரித்த நாள், "க்காஜி" என்றால் அதுவரை பயன்படுத்தலாம். கொரிய எழுத்து தெரியாதவர்கள் தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை அதன் மேல் காட்டினால் போதும். வரிசை ஆண்டு, மாதம், நாள். திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்றிருந்தால் திறந்து பன்னிரண்டு மாதம். திறந்த தேதியைப் பாட்டிலின் அடியில் எழுதி வையுங்கள்.

சரக்கு அசலா என்று சந்தேகமென்றால் பின்பக்கத்தைப் படியுங்கள். கொரியாவில் விற்பதில் தயாரிப்பாளர், பொறுப்பு விற்பனையாளர் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் இடத்தில் கோல்மார் கொரியா, காஸ்மேக்ஸ் என்று அடிக்கடி பார்ப்பீர்கள். அது போலி இல்லை. நூற்றுக்கணக்கான பிராண்டுகளுக்கு இவர்கள்தான் கலக்கிக் கொடுக்கிறார்கள். விலை பல மடங்கு வேறுபடும் இரண்டு சீரம் ஒரே ஆலையிலிருந்து வருவது அங்கே சாதாரணம்.

கே: சால்மன் மீன் டிஎன்ஏ கிரீம், ஊசி போல் குத்தும் சீரம் இரண்டும் இப்போது பேச்சாக இருக்கின்றன. வாங்கலாமா?

ப: முதலாவது பிடிஆர்என். சால்மனின் விந்தணுவிலிருந்து பிரித்தெடுக்கும் டிஎன்ஏ துண்டுகள். கொரியத் தோல் மருத்துவமனைகளில் இந்த வகைச் சரக்கை ஊசியால் தோலுக்குள் செலுத்துகிறார்கள். ரெஜுரான் அப்படிப் பெயர் பெற்றதுதான். அதே பெயரை கிரீமில் போட்டதும் அதே பலன் வந்துவிடாது. மூலக்கூறு மிகப் பெரியது, நல்ல தோலின் மேலடுக்கைத் தாண்டுவது கடினம். மேலே நின்று ஈரம் காக்கும். அந்த வேலைக்கு ஹயலூரானிக் அமிலம் பாதி விலையில் இருக்கிறது.

இரண்டாவது, கடற்பஞ்சு என்ற கடல் உயிரியிலிருந்து எடுக்கும் நுண்ணிய சிலிக்கா முட்கள் கலந்த சீரம். விடி (VT) பிராண்டின் ரீடில் ஷாட் இதில் பிரபலம். 50, 100, 300, 700 என்று எண் கூடக் கூட முள்ளும் கூடும். தொடங்கினால் 50 அல்லது 100-ல், வாரம் இரண்டு இரவு. தேய்க்காமல் அழுத்தி ஒற்ற வேண்டும். அன்றைக்கு ரெட்டினால், அமிலம், வைட்டமின் சி எதுவும் கூடாது. முள் போட்ட வழியில் அவை ஆழமாக இறங்கிப் புண்ணாக்கும். சீழ் வைத்த பரு, படை, சுருக்கென்று சிவக்கும் சருமம் இருந்தால் தொடவே வேண்டாம். மாநிறத் தோலில் ஒவ்வொரு எரிச்சலும் கறுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும்.

கே: அடுத்த மாதம் சியோல் போகிறேன். எங்கே வாங்குவது? அங்கே தோல் மருத்துவரையும் பார்க்க ஆசை.

ப: மியோங்டாங் தெருவில் கைப்பிடித்து இழுப்பார்கள், இலவச மாஸ்க் தருவார்கள். வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். பல பிராண்டுகளை ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்க ஆலிவ் யங் கடைகள் வசதி. சோங்சுவில் 2024 நவம்பரில் திறந்த கடை மிகப் பெரியது. டைசோ என்ற மலிவு விலைக் கடையில் எந்தப் பொருளும் 5,000 வோனைத் தாண்டாது. பெரிய பிராண்டுகளின் சின்ன அளவு அங்கே கிடைக்கும், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அது போதும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஒரு ரசீது 15,000 வோனுக்குக் குறையாமல் இருந்தால் வரி திரும்பக் கிடைக்கும், பல கடைகளில் அங்கேயே கழித்துவிடுவார்கள்.

மருத்துவரைப் பொறுத்தவரை பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். அப்குஜோங், காங்னம் பக்கம் மாடிக்கு மாடி கிளினிக். தோல் சிறப்பு மருத்துவர் நடத்துவதில் "பிபுக்வா உய்வொன்", அதாவது தோல் கிளினிக், என்று பெயரோடு சேர்ந்தே இருக்கும். மற்ற மருத்துவர் நடத்துவதில் பெயருக்குப் பின் "உய்வொன்" என்று மட்டும் வரும்; "ஜில்லியோ குவாமோக்: பிபுக்வா", அதாவது பார்க்கும் துறை தோல் என்பது, தனியே சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டும் சட்டப்படி சரியானவை, ஆனால் ஒன்றல்ல. லேசர் செய்வதானால் உங்கள் நிறத்தில் உள்ளவர்களுக்கு எந்த அளவில் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வெளிர் தோலுக்கு வைத்த அளவு மாநிறத்தைச் சுட்டுவிடும். ஊர் திரும்பும் கடைசி நாளில் செய்துகொள்ளாதீர்கள்.

கே: ஆண்களுக்கு என்ன? எனக்கு ஒரே டப்பாவில் முடிய வேண்டும்.

ப: கொரிய ஆண்களும் உங்களைப் போலத்தான், "ஆல் இன் ஒன்" என்று டோனர், லோஷன் எல்லாம் ஒன்றாக்கிய பாட்டில் அங்கே நன்றாக விற்கிறது. அதோடு சன்ஸ்கிரீன், முடிந்தது. கட்டாய ராணுவச் சேவையில் முகத்தில் பூசும் உருமறைப்பு மையைக் கழுவவே தனி கிளென்சர் விற்கிறார்கள் என்றால் பாருங்கள். சவரம் செய்த அன்று அமில டோனர் மட்டும் வேண்டாம்.

கே: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கொரியப் பாடகிகளைப் பார்த்துவிட்டு ரெட்டினால் கேட்கிறாள். "கண்ணாடித் தோல்" வராததற்கு அழுகிறாள்.

ப: ரெட்டினால் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் தோல் தானே வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும். மென்மையான கிளென்சர், மெல்லிய மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் போதும். பரு இருந்தால் மருத்துவர்.

அழுகைக்குப் பதில், அவளோடு உட்கார்ந்து ஒரு பாடல் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கன்ன எலும்பின் மேல் மட்டும் ஒளி விழுகிறது, அங்கே மினுக்கும் தூள் பூசியிருக்கிறது. நெற்றி நடுவில் மினுக்கம் இருக்காது, பளபளப்பில்லாத மேட் பூச்சு போட்டிருப்பார்கள். கண்ணாடித் தோலை "யூரி பிபு" என்றும் நீர்ப் பளபளப்பை "முல்குவாங்" என்றும் சொல்வது மேக்கப் பாணிக்கும்தான். பின்னால் லேசர், ஊசி, விளக்கு, படத் திருத்தம் எல்லாம் உண்டு.

கொரியப் பெண்கள் எல்லாரும் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டவர்கள் என்றும் அவள் எண்ண வேண்டாம். 2018-ல் "டால்கோர்செட்", அதாவது இறுக்குக் கச்சையைக் கழற்றுதல், என்ற பெயரில் இளம்பெண்கள் உதட்டுச்சாயத்தை நசுக்கி, தலைமுடியைக் குட்டையாக வெட்டிப் படம் போட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் உயரம், எடை, தோற்றம் கேட்கக் கூடாது என்று 2019 ஜூலையில் சட்டத் திருத்தமே நடைமுறைக்கு வந்தது. முப்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு அது பொருந்தும். தோற்றம் அங்கே எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு அந்தச் சட்டத்தைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கே: அழகுசாதனத்துக்குத் தனிக் குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கலாமா?

ப: வைட்டமின் சி சீரம் ஒன்று மட்டும் குளிரில் நெடுநாள் தாங்கும், மஞ்சள் பழுப்பானால் தூக்கிப் போடுங்கள். ஷீட் மாஸ்க் சில்லென்று இருந்தால் சுகம், பலன் அதேதான். எண்ணெய் கிளென்சரையும் களிம்பு போன்ற பாம் வகை கிளென்சரையும் உள்ளே வைக்காதீர்கள், இறுகித் திரிந்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டு போதும், காய்கறித் தட்டு வேண்டாம்.